சுண்ணாம்புச் சத்து

செல் நூல் விட்டால் நாலா பக்கமும் விடும். இர்பானா பாடத்தில் படித்ததும் அதுதான், ஐந்து வருஷமாகக் கண்ணால் பார்த்ததும் அதுதான். கண்ணாடித் தட்டில் உருண்டையாகக் கிடக்கிற உயிர்ச்செல், கால்சியம் பதமாகக் கிடைத்ததும் மெல்ல ஒரு கையை நீட்டும், பிறகு இன்னொரு கையை நீட்டும், கடைசியில் தட்டு முழுக்கச் சீவாத தலைமுடி மாதிரி குறுக்கும் நெடுக்குமாக நூல் ஓடிக் கிடக்கும். அன்றைக்குக் காலையில், ஐப்பசி மழை தகரக் கூரையில் விடாமல் அடித்துக்கொண்டிருக்க, பக்கத்து இரும்பாலைப் புகை ஜன்னல் இடுக்கு வழியாக வந்து தொண்டையைக் கரகரக்க வைக்க, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தவள் அப்படியே இருந்துவிட்டாள். இந்தத் தட்டில் எல்லா நூலும் ஒரே பக்கமாக நீண்டிருந்தது. ஒன்றுகூட விலகவில்லை. தொழுகை வரிசை மாதிரி அத்தனையும் ஒரே திசை பார்த்து நின்றன.

தட்டு சாய்ந்திருக்கும் என்று முதலில் நினைத்தாள். ஓரத்தில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்து, முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பி, செல்லை உடம்புச் சூட்டில் வைத்திருக்கிற இன்குபேட்டருக்குள் மறுபடி வைத்தாள். மறுநாள் புள்ளி பின்னால் இருந்தது. நூல்களோ பழையபடி இன்குபேட்டர் கதவுப் பக்கம் திரும்பியிருந்தன. கதவுக்கு எதிரில் என்ன இருக்கிறது? இர்பானாவின் நாற்காலி. காலை முதல் சாயங்காலம் வரை அவள் உட்கார்ந்திருக்கிற இடம்.

பைத்தியக்காரத்தனம் என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டுதான் நாற்காலியை இடதுபக்கச் சுவரோரம் தள்ளிப்போட்டாள். ஒரு நாள் முழுக்க அங்கேயே உட்கார்ந்து வேலை பார்த்தாள். அடுத்த நாள் காலை தட்டை எடுத்துப் பார்த்தாள். அத்தனை நூலும் இடப்பக்கம் வளைந்திருந்தது.

அந்தச் செல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். முப்பது வருஷத்துக்கு முன்னால் எந்தச் சீமையிலோ ஒரு எலிக்கு வந்த கட்டியிலிருந்து எடுத்தது அது. எலி என்றைக்கோ மண்ணாகிப் போயிருக்கும், செல் மட்டும் சாகவில்லை. தட்டு தட்டாக, ஊர் ஊராகப் பெருகி, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு பெயிண்ட் கம்பெனிக்குப் பின்னால் இருக்கிற இந்தச் சின்ன லேப் வரைக்கும் வந்து சேர்ந்திருந்தது. கால்சியம் குறைவாக வைத்தால் ஈசல் மாதிரிப் பெருகும். கொஞ்சம் ஏற்றினால் பெருகுவதை நிறுத்திவிட்டு நரம்பு போல நூல் விடும். அளவு மீறினால் செத்துப்போகும். எந்த அளவில் எது நடக்கிறது என்று ஒரு மருந்து கம்பெனிக்குப் பார்த்துச் சொல்வதுதான் இர்பானாவின் வேலை.

இந்தத் தட்டு மட்டும் ஏன் இப்படி? அவளுக்குக் காரணம் தெரியும். தெரிந்தும் நினைக்கப் பிடிக்கவில்லை.

இந்தத் தட்டுக்குப் போட்ட கால்சியம் கடையில் வாங்கியது இல்லை. மழையில் சென்னையிலிருந்து வரவேண்டிய சரக்கு வரவில்லை. லேப் முதலாளி துளசிராமன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"வெள்ளிக்கெழம ரிசல்ட் அனுப்பியாகணும்மா. எதுனா வழி பண்ணு."

"எங்க வாப்பா கிளிஞ்சல் சூள வெச்சிருக்காரு சார். கிளிஞ்சல் முழுக்கக் கால்சியந்தானே? நானே தயார் பண்ணிடறேன்."

"சுண்ணாம்புக்கார ஊட்டுப் பொண்ணாச்சே, புத்தி எங்க போவும்!" என்று சிரித்தார் துளசிராமன்.

இர்பானாவுக்கும் அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பழவேற்காட்டுக்குப் போய்வந்தாள். வாப்பா ஹனீப், ஏரியில் அள்ளின கிளிஞ்சலைச் சூளையில் வேகவைத்துச் சுண்ணாம்பாக்கி விற்கிறவர், ஒரு பை வெந்த சுண்ணாம்பை நீட்டினார். அதில் கரியும் சாம்பலும் கலந்திருக்கும், லேப்புக்கு ஆகாது என்று அவள் வேண்டாம் என்றாள்.

"பச்ச கிளிஞ்சல் குடுங்க வாப்பா. வேகாதது."

"வேகாதத வெச்சிக்கினு இன்னாம்மா பண்ணுவே? உள்ள பூச்சி காஞ்சி ஒட்டிக்கினு இருக்கும். நெருப்புல போட்டாதான் அது சுத்தம்."

"ஆசிட்ல போட்டா எல்லாம் போயிடும் வாப்பா."

ஆசிட்டில் போட்டபோது கிளிஞ்சல் நுரைத்துப் பொங்கிக் கரைந்தது. வடிகட்டினாள், ஒன்றுக்கு நாலு தடவை. கண்ணாடி மாதிரித் தெளிந்த நீர். ஏரியின் சேற்று வாடை மட்டும் லேசாக, மிக லேசாக, போகாமல் நின்றது.

வீட்டில் வேறொரு கவலை இருந்தது. ஒன்றாம் வகுப்புப் படிக்கிற மகள் முபீனா பள்ளிக்கூடச் சறுக்கு மரத்திலிருந்து விழுந்து வலது முன்கையை உடைத்துக்கொண்டிருந்தாள். பஜார் டாக்டர் மணிக்கட்டு தாண்டி முழங்கை வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டுவிட்டிருந்தார். கணவன் தமீம் அன்சாரி கருவாட்டு வியாபாரி, வாரத்தில் பாதி நாள் சூளூர்பேட்டை, நெல்லூர் என்று வேனில் சுற்றுகிறவன். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது அடுத்த பக்கத்தில் இருக்கிற வீட்டுச் சொந்தக்காரி முத்தம்மாதான்.

கட்டுப் போட்ட கைக்கு வலியைவிட அரிப்புதான் கொடுமை. முபீனா தென்னந்துடைப்பக் குச்சியை உள்ளே விட்டுச் சொறிந்துகொண்டே இருப்பாள். "குச்சில கொஞ்சம் எண்ண தொட்டு உட்டா அடங்கும்" என்று முத்தம்மா சொல்லிக்கொடுத்திருந்தாள். இர்பானாவே தினமும் சாயங்காலம் தேங்காய் எண்ணெயில் குச்சியை நனைத்து, மகளின் கட்டுக்குள் பதமாக விட்டுத் தடவிக்கொடுப்பாள். நீல மூடி போட்ட கண்ணாடி பாட்டிலில் இருந்தது அந்த எண்ணெய். லேப்பில் வேலை செய்கிற யார் வீட்டுக்குப் போனாலும் அந்த மாதிரி ஒரு பாட்டில் இருக்கும். ஒருத்தர் வீட்டில் ஊறுகாய், ஒருத்தர் வீட்டில் சர்க்கரை. காலியானதும் எடுத்துக்கொண்டு போவது ஊர் வழக்கம், யாரும் கேட்பதில்லை.

முதலில் வாசனைதான் மாறியது. கட்டுக்கு வியர்வை நாற்றம் வரும், அது எல்லாக் குழந்தைக்கும் வருவது. இது வேறு. மகளைப் பக்கத்தில் போட்டுத் தூங்கவைக்கும்போது, மழை ஈரமும் கொசுவத்திப் புகையும் கலந்த அந்தச் சின்ன அறையில், கட்டின் வாய்ப்புறத்திலிருந்து வெதுவெதுப்பாக, இனிப்பாக, ஆறிப்போன கஞ்சி மாதிரி ஒரு வாடை எழுந்து வந்தது. எங்கேயோ முகர்ந்த வாடை. எங்கே என்றுதான் பிடிபடவில்லை. நாள் முழுக்க மூக்கில் ஏறிக்கொண்டே இருக்கிற வாடையை வீட்டில் முகர்ந்தால் யாருக்கு அடையாளம் தெரியும்?

"உம்மா, உள்ள ஊருது."

"புண்ணு ஆறுதுடா செல்லம். ஆறும்போது அப்படித்தான் இருக்கும்."

"எறும்பு மாதிரி இல்லம்மா. எழுதுற மாதிரி இருக்கு."

பிள்ளைப் பேச்சு என்று விட்டுவிட்டாள்.

பிறகு சுவர். ரம்ஜானுக்கு முன்னால் வாப்பா அனுப்பின சூளைச் சுண்ணாம்பில்தான் வீடு முழுக்க வெள்ளையடித்திருந்தார்கள். ஒரு காலையில் பார்த்தால் முபீனா சுவரோரமாக உருண்டுபோய், கட்டுப் போட்ட கையைச் சுவரில் அழுத்திவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். எடுத்தபோது சற்றே ஒட்டிக்கொண்டு, பிசின் விடுகிற மாதிரிச் சத்தத்தோடு வந்தது. கை இருந்த இடத்தில் சுண்ணாம்பு இல்லை. அத்தனை சுத்தமாக, துடைத்தெடுத்த மாதிரி, உள்ளே இருந்த சிமெண்டு தெரிந்தது. ஒரு குழந்தைக் கை அளவுக்கு.

"ஈரம் பூத்து உதுந்துருக்கும்" என்றாள் முத்தம்மா. "மழைக்கு எல்லா ஊட்லயும் இதே பேஜாருதான்."

இர்பானாவும் அப்படித்தான் நம்பினாள். நம்பித்தானே ஆகவேண்டும்? பாயை நடு அறைக்கு இழுத்துப்போட்டாள்.

கட்டுப் பிரிக்கிற நாளுக்கு முன்னால் ஒரு தடவை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொன்னார் டாக்டர். படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டிவிட்டு, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"எலும்பு கூடவே இல்லியேம்மா. மங்கிப்போயிருக்கு. சுண்ணாம்புச் சத்து கம்மி. மாத்திரை எழுதித் தரேன், ரெண்டு வேளையும் குடு. பால், கேழ்வரகு, முட்டை எல்லாம் குடு."

"இந்தக் கோடெல்லாம் இன்னா டாக்டர்?"

"எந்தக் கோடு? பழைய மிஷினும்மா, படத்துல கீறல் விழும்."

மங்கின எலும்பைச் சுற்றி மயிரிழை மாதிரிக் கோடுகள். எல்லாம் ஒரே பக்கமாக. படம் எடுக்கும்போது இர்பானா நின்றிருந்த பக்கமாக.  டாக்டரிடம் என்ன சொல்வாள், எப்படிச் சொல்வாள்? படித்தவள் பேசுகிற பேச்சா அது? மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்து, அன்றிலிருந்து வேளை தவறாமல் கொடுத்தாள். பாலில் கரைத்துக் கொடுத்தாள். கேழ்வரகுக் கூழ் காய்ச்சிக் கொடுத்தாள். பெற்றவள் தன் கையாலேயே ஊட்டிவிட்டாள்.

முபீனாவின் விரல்கள் அசைய ஆரம்பித்தன. கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த நாலு விரலும் கட்டைவிரலும், அவள் தூங்கும்போது, மெதுவாக. இர்பானா சமையல் மேடைக்குப் போனால் விரல்கள் அந்தப் பக்கம். பின்வாசலுக்குப் போனால் அந்தப் பக்கம். ஒரு தடவை சோதித்துப் பார்த்தாள். இன்னொரு தடவை பார்க்கத் தைரியம் வரவில்லை.

மறுநாள் லேப்பில் நுழைந்ததும் பாத்திரம் கழுவுகிற குப்பம்மாள் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், ரொம்ப நாளா கேக்கணும்னுகினே இருந்தேன். அன்னிக்கி கரண்ட் போச்சே, அன்னிக்கி என் எடதுகைப் பக்கம் வெச்ச பாட்டிலு ஒண்ணு காணோம். நீங்க எடுத்தீங்களா?"

"நான் வலதுபக்கத்துலேர்ந்துதான் எடுத்தேன். கழுவினது வலதுபக்கம்னு நீதானே சொல்லுவே?"

"அய்யே! எனக்கு வலதுபக்கம் மேடம். நீங்க எதுருக்க இல்ல நின்னுகினு இருந்தீங்க?"

இர்பானா கழுவுமேடையைப் பார்த்தாள். குப்பம்மாள் தொட்டிப்பக்கம் நிற்கிறாள். தான் நிற்பது எதிர்ப்பக்கம். அன்றைக்கு இருட்டில், ஜெனரேட்டர் போடுவதற்குள், வெளியே ஷேர் ஆட்டோ ஹாரன் அடிக்க, அவசரத்தில் கையை நீட்டித் தன் வலதுபக்கத்திலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு ஓடினது ஞாபகம் வந்தது. வீட்டில் வெந்நீர் ஊற்றி ஒரு குலுக்குக் குலுக்கி எண்ணெயை ஊற்றினதும் ஞாபகம் வந்தது.

"அந்தப் பாட்டில்ல இன்னா இருந்துச்சி குப்பம்மா?"

"நீங்க தட்டுலேர்ந்து எடுத்து ஊத்தின அழுக்குத் தண்ணிதான். ரோஸ் கலரா. அந்தக் கிளிஞ்சலு போட்டீங்களே, அதோட தண்ணி. கொட்டிட்டு, பாட்டில பிளீச்சிங் போட்டுக் கழுவலாம்னு வெச்சிருந்தேன்."

கஞ்சி வாடை. இன்குபேட்டரைத் திறந்தால் முகத்தில் அடிக்கிற அதே வாடை. யா அல்லாஹ், இதையா இத்தனை நாள் அடையாளம் தெரியாமல் இருந்தேன்! அவளுக்கு அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழவேண்டும் போல இருந்தது. எலும்பு கூடவேண்டிய பிள்ளைக்குத் தன் கையாலேயே, குச்சியில் தொட்டுத் தொட்டு.

அழ நேரமில்லை. ஒரு தட்டை எடுத்தாள். கால்சியத்தைப் பிடித்து இழுத்துக்கொள்கிற உப்பு ஒன்று லேப்பில் எப்போதும் இருக்கும், தட்டில் ஒட்டின செல்லைப் பெயர்க்க அதைத்தான் ஊற்றுவார்கள். ஊற்றினாள். மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தாள். நூல்கள் சுருங்கின. உள்வாங்கின. செல்கள் ஒவ்வொன்றாகப் பிடியை விட்டு மிதந்தன. கால்சியம் இல்லாவிட்டால் அதற்குப் பிடிமானம் இல்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டே சொன்னாள். கட்டு முழுக்கச் சுண்ணாம்புச் சரக்கு. முதலில் கட்டைப் பிரிக்கவேண்டும். பிறகு இந்த உப்புத் தண்ணீர். அந்த உப்பைக் கொஞ்சம் குப்பியில் எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

மழை வலுத்திருந்தது. ஜிஎன்டி ரோட்டில் முழங்கால் தண்ணீர், லாரிகள் வரிசையாக அணைந்து நின்றன. ஆட்டோக்காரன் பஜார் வரைக்கும்கூடப் போகாது என்றுவிட்டான். மூடின கிளினிக்கைத் தாண்டி நடந்தாள். தமீமுக்குப் போன் போட்டாள். சூளூர்பேட்டையில் மாட்டிக்கொண்டிருந்தான், தண்ணீர் வடிந்ததும் விடியறதுக்குள்ள வந்துடுறேன் என்றான், அதற்குள் டவர் போய்விட்டது.

வீட்டில் கரண்ட் இல்லை. முத்தம்மா குழந்தையை ஒப்படைத்துவிட்டு, "இன்னிக்கி பூரா தூங்கிக்கினே கீது பாப்பா" என்று சொல்லித் தன் பக்கம் போய்விட்டாள். சார்ஜ் லைட்டை மேடையில் வைத்து, வெந்நீரில் கட்டை நனைத்து, கத்தரிக்கோலை விட்டாள் இர்பானா.

கத்தரிக்கத் தேவையே இருக்கவில்லை. வெளியே கெட்டியாகத் தெரிந்த கட்டு அப்பளம் மாதிரி நொறுங்கியது. உள்ளே மாவே இல்லை. இருந்த மாவெல்லாம் போய், பஞ்சு முழுக்க வெள்ளை வெள்ளையாக நூல். ஈரமாக. வெதுவெதுப்பாக. வெளிச்சம் பட்டதும் மெல்ல நெளிந்து, ஒரு சேர, அவள் பக்கம் சாய்ந்தது.

அவள் கத்தவில்லை. மகள் முழித்துவிடுவாள்.

பஞ்சை உரித்தெடுத்தாள். கையை அலுங்காமல் தூக்கினாள். மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவில், மூட்டே இல்லாத இடத்தில், கை மடங்கித் தொங்கியது. பிசைந்த மாவு மாதிரி.

"வலிக்குதா கண்ணு?"

"வலிக்கலம்மா." முபீனா கண்ணைத் திறக்காமலேயே சொன்னாள். "பசிக்குதாம்."

"சோறு போடட்டுமா? இரு."

"எனக்கு இல்லம்மா. அதுக்கு."

தோலில் புண் எதுவும் இல்லை. மயிர்க்கால் இருக்கிற இடத்திலெல்லாம் வெள்ளையாக நுனிகள் எட்டிப்பார்த்தன. உப்புத் தண்ணீரில் துணியை நனைத்து ஒரு ஓரத்தில் வைத்தாள். நுனிகள் சுருங்கின. உள்வாங்கின. லேப்பில் பார்த்த மாதிரியே. ஆனால் தட்டில் அதற்குப் போக இடமில்லை. இங்கே இருந்தது. தோலுக்கடியில் மேலேறுவது கண்ணுக்குத் தெரிந்தது. முழங்கை. அதற்கும் மேலே.

முபீனா வீறிட்டாள்.

துணியைத் தூக்கி எறிந்தாள். மகளை மடியில் போட்டுக்கொண்டாள். தெரிந்ததையெல்லாம் ஓதி முகத்தில் ஊதினாள். அந்த உப்புக்கு எது செல்லின் கால்சியம், எது பிள்ளையின் கால்சியம் என்று தெரியாது. அவள் தட்டை மட்டும்தான் யோசித்திருந்தாள். தட்டுக்கு எலும்பு இல்லை.

தோளுக்கு ஏறினால்? நெஞ்சுக்கு?

வேறு ஏதாவது கொடுக்கவேண்டும். அதற்கு. ஓடினாள். பரணில் வெள்ளையடித்து மீந்த சுண்ணாம்பு. ஒரு கிண்ணத்தில் போட்டு மகளின் விரல் பக்கத்தில் வைத்தாள். நுனிகள் வெளியே வந்தன. கிண்ணத்தைத் தடவின. நின்றன. பிறகு கிண்ணத்தை விட்டுவிட்டு மெதுவாகத் திரும்பின.

அவள் பக்கம்.

வெந்த சுண்ணாம்பு இனி அதற்குப் போதாது. சுவரைத் தின்று பார்த்துவிட்டது. முதல் நாளிலிருந்தே அது கேட்டது எது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அதை அவள் பழக்கினதே பச்சையில்தான். வேகாததில். உயிர் ஒட்டினதில்.

தட்டுக்குள்ளிருந்தே கேட்டிருக்கிறது. நாற்காலியை நகர்த்தினால் திரும்பித் திரும்பிக் கேட்டிருக்கிறது.

இர்பானா கொஞ்ச நேரம் மகளின் முகத்தைப் பார்த்தாள். நெற்றி வியர்த்திருந்தது. பால் பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது, நேற்றுத்தான் காட்டினாள். தோளருகே தோல் லேசாக ஏறி இறங்கியது.

யோசிக்க ஒன்றுமில்லை. பிஸ்மில்லா சொன்னாள். தன் வலது கையை மகளின் கைக்குள் வைத்து விரலைக் கோத்துக்கொண்டாள்.

வலிக்கவில்லை. அதுதான் பயங்கரம். உள்ளங்கையில் சில்லென்று எதுவோ நுழைந்தது. பிறகு சூடு. மணிக்கட்டுக்குள் யாரோ எழுதுகிற மாதிரி. எழுதி எழுதி மேலே போகிற மாதிரி. பிள்ளை சொன்னது எத்தனை சரி! மகளின் தோளில் அசைவு குறைந்தது. முழங்கையில் குறைந்தது. வா. இங்கே வா. இன்னும் வா. பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிட்டாள். அவளை விட்டுடு. எல்லாம் வா.

வந்தது.

எப்போது கண் அயர்ந்தாளோ தெரியாது. விழித்தபோது மழை விட்டிருந்தது. ஜன்னலில் சாம்பல் வெளிச்சம். முபீனா பாயில் நன்றாக மூச்சுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். கை துவண்டுதான் கிடந்தது, ஆனால் தோலில் நுனி ஒன்றுகூட இல்லை. அசைவில்லை. கஞ்சி வாடை இல்லை. இர்பானா குனிந்து அந்தக் கையை முகர்ந்து பார்த்தாள். வெறும் தேங்காய் எண்ணெய். அழுகை பொங்கிவந்தது. போதும். எலும்பு மறுபடி வளரும், ஆறு வயசுப் பிள்ளை. தனக்கு என்ன ஆனால் என்ன?

மெதுவாக விரல்களை விடுவித்துக்கொண்டு எழுந்தாள். வலது கை தோளிலிருந்து ஈரத்துண்டு மாதிரித் தொங்கியது. அதைப் பார்க்காமல் இருந்தாள்.

வாசலில் வேன் வந்து நின்ற சத்தம். ஈரச் செருப்பின் சத்தம். பழக்கமான இருமல்.

"இர்பா, நான்தான். கதவத் தொற."

அவள் கதவுக்கும் பாய்க்கும் நடுவில் நின்றாள். வராதீங்க என்று சொல்ல வாயைத் திறந்தாள். தொடாதீங்க என்று. குரல் எழும்பவில்லை.

"பாப்பா எப்படி கீறா? கதவத் தொறம்மா, குளுருது."

எலும்பில்லாத அவள் வலது கை மெதுவாக உயர்ந்தது. அவள் உயர்த்தவில்லை. ஐந்து விரலும் ஒவ்வொன்றாக நிமிர்ந்து, ஒரு சேர, கதவுப் பக்கம் நீண்டன.

பின்னால் பாய் சரசரத்தது. இர்பானா திரும்பிப் பார்த்தாள். முபீனா தூங்கிக்கொண்டுதான் இருந்தாள், வாய் லேசாகத் திறந்திருந்தது. இரண்டு கையும், உடைந்த கையும் உடையாத கையும், தலைக்கு மேலே எழும்பி நின்றன. பத்து விரலும் கதவைப் பார்த்திருந்தன.

வெளியே தமீம் மறுபடியும் கதவைத் தட்டினான்.